சேற்றுக்குள் ஒரு வாயுக் கணக்கு: அந்தமான் கழிமுகங்கள் வெளியிடும் மீத்தேன்

புது தில்லி: அந்தமான் தீவுகளின் அலையாத்திக் காடுகள் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சி மண்ணில் புதைத்து வைக்கின்றன என்பது பலரும் அறிந்த செய்தி. அதே காடுகளின் அடிச் சேற்றில் வாழும் நுண்ணுயிரிகள், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் மீத்தேனை இரவு பகலாக உண்டாக்கிக் கொண்டிருக்கின்றன என்பது அதிகம் பேசப்படாத செய்தி. அலையாத்தி வளர்ப்பைக் கார்பன் சந்தையில் விற்கத்தக்க வரவாக மாற்றும் ஏற்பாடுகளில் மத்திய அரசு இறங்கியுள்ள நிலையில், முதல் செய்தியோடு இரண்டாவதையும் சேர்த்துப் படிக்க வேண்டிய அவசியம் ஏற்பட்டுள்ளது.

2023-24 நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்ட "மிஷ்டி" திட்டத்தின்படி 9 மாநிலங்களிலும் 4 யூனியன் பிரதேசங்களிலும் சுமார் 540 சதுர கிலோமீட்டர் பரப்பில் அலையாத்திக் காடுகளை வளர்க்கவும் மீட்கவும் இலக்கு வைக்கப்பட்டது. அதே ஆண்டில் கார்பன் வரவு வர்த்தகத் திட்டமும் அறிவிக்கப்பட்டது. இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு அறிக்கைப்படி நாட்டின் மொத்த அலையாத்திப் பரப்பு 4,992 சதுர கிலோமீட்டர். இதில் 616 சதுர கிலோமீட்டர் அந்தமான் நிகோபாரில் உள்ளது. மேற்கு வங்கம், குஜராத் ஆகியவற்றுக்கு அடுத்த இடம் இந்தத் தீவுகளுக்குத்தான். எனவே, இந்தக் காடுகளின் வரவு செலவைச் சரியாக எழுதுவது தீவு நிர்வாகத்தின் உள்விவகாரம் மட்டுமல்ல.

ரைட் மியோ ஓடை: தெற்கு அந்தமானில் உள்ள ரைட் மியோ என்ற ஊரின் பெயரில் பாதி ஆங்கிலம், பாதி பர்மியம். "மியோ" என்றால் பர்மிய மொழியில் ஊர். மனித நடமாட்டத்தின் பாதிப்பு அதிகம் இல்லாத இங்குள்ள உப்போடை, அலையாத்திக் காட்டை ஊடுருவிச் செல்கிறது. பிரிட்டனின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் சென்னையைச் சேர்ந்த விஞ்ஞானிகளும் இணைந்து இந்த ஓடையின் நீரில் கரைந்திருக்கும் மீத்தேனையும் நைட்ரஸ் ஆக்சைடையும் அளந்தனர். முடிவுகள் 2006இல் வெளியாயின.

பகல், இரவு என்று பாராமல் கடல் ஏறும்போதும் வற்றும்போதும் தொடர்ந்து நீரை எடுத்துச் சோதித்ததில் ஓர் ஒழுங்கு தெரிந்தது. நீர் உயர்ந்திருக்கும் நேரத்தில் மீத்தேன் குறைவாகவும், வற்றி அடிமட்டத்துக்கு வரும் நேரத்தில் உச்சத்திலும் இருந்தது. காரணம் எளிமையானது. ஏறிய நீர் தன் எடையால் சேற்றை அழுத்திக் கொண்டிருக்கும். நீர் வடிந்ததும் அந்த அழுத்தம் விலகுகிறது. சேற்றின் துளைகளில் தேங்கியிருந்த, வாயு செறிந்த நீர் கரையோரங்களிலிருந்து ஓடைக்குள் கசிகிறது. அங்கிருந்து வாயு காற்றில் கலக்கிறது. மழையும் இந்த அளவை நிர்ணயிக்கிறது என்று அந்த ஆய்வு சுட்டிக்காட்டியது. மாசு அண்டாத ஓடையிலேயே காற்றோடு சமநிலையில் இருக்க வேண்டிய அளவை மிஞ்சிய மீத்தேன் இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

பின்னர் வடக்கு அந்தமானின் காளிகாட் ஓடையையும் சேர்த்து நடத்தப்பட்ட விரிவான ஆய்வு 2014இல் வெளியானது. இரண்டு ஓடைகளுமே கரியமில வாயு, மீத்தேன் இரண்டையும் காற்றுக்கு வெளியிடுகின்றன என்பது அதில் உறுதியானது. அளவு நேரத்துக்கு நேரம் மாறுவதால், ஒரு நாள் நண்பகலில் ஒரு குப்பி நீரை எடுத்துச் சென்று ஆண்டுக் கணக்கு எழுதிவிட முடியாது.

யார் இவை?: மீத்தேனை உண்டாக்கும் இந்த நுண்ணுயிரிகள் பார்வைக்கு பாக்டீரியா போலிருந்தாலும் பாக்டீரியா அல்ல. அமெரிக்க விஞ்ஞானி கார்ல் வோசும் அவரது சகாக்களும் 1977இல் இவற்றின் மரபுக்கூறுகளை ஒப்பிட்டபோதுதான், உயிரினங்களின் தனியொரு பெரும்பிரிவாக இவற்றைக் கருத வேண்டும் என்பது தெரியவந்தது. அந்தப் பிரிவு இன்று ஆர்க்கியா என்று அழைக்கப்படுகிறது. பிராணவாயு பட்டால் இவை செயலிழந்துவிடும். மாட்டின் இரைப்பையிலும், நீர் தேங்கிய நெல் வயலிலும், கிராமத்துச் சாண எரிவாயுக் கலனிலும் வேலை செய்பவை இவற்றின் உறவினர்களே.

ஆனால், கழிமுகச் சேறு இவற்றுக்குச் சுலபமான இடம் அல்ல. விழுந்த இலை, மட்கிய வேர், செத்த நண்டு ஆகியவை சேற்றில் சிதையும்போது மேற்பரப்பின் சில மில்லிமீட்டருக்குள்ளேயே பிராணவாயு தீர்ந்துபோகிறது. அடுத்து வருபவை சல்பேட்டைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்கள். ஒரு லிட்டர் கடல் நீரில் ஏறக்குறைய 2.7 கிராம் சல்பேட் இருப்பதால் அவற்றுக்குப் பஞ்சமே இல்லை. அலையாத்திக் காட்டில் கால் வைத்தவுடன் எழும் அழுகிய முட்டை நாற்றம் அவற்றின் கைவரிசை. ஹைட்ரஜன், அசிடேட் ஆகிய உணவுகளை இவை முந்திக்கொண்டு தின்றுவிடுவதால் மீத்தேன் உண்டாக்கிகளுக்கு மிஞ்சுவது சொற்பம். கடல் நீர் தாராளமாகப் பாயும் சேற்றில் மீத்தேன் குறைவாகவும், நன்னீர்ச் சதுப்பில் அதிகமாகவும் இருப்பதன் ரகசியம் இதுதான்.

பரங்கிப்பேட்டையின் பங்கு: அப்படியானால் உப்புச் சேற்றில் மீத்தேன் உண்டாவதே கூடாது. இருந்தும் உண்டாகிறது. இதற்கான விடையில் தமிழகத்துக்குப் பங்குண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் உயராய்வு மையத்தைச் சேர்ந்த ஆர். மோகன்ராஜு, ஆர். நடராஜன் ஆகியோர் அலையாத்திச் சேற்றில் வாழும் மீத்தேன் உண்டாக்கிகள் பற்றிய ஆய்வை 1992இல் வெளியிட்டனர். 1997இல் அலையாத்திச் சேற்றிலிருந்து ஓர் இனத்தைத் தனியே பிரித்து வளர்த்து, அது மெத்தனோகாக்காய்டஸ் மெத்திலூட்டன்ஸ் என்று அடையாளம் காட்டினர். மோகன்ராஜு பின்னர் புதுச்சேரி பல்கலைக்கழகத்தின் அந்தமான் வளாகத்தில் கடல் உயிரியல் துறையில் பணியாற்றினார்.

இந்த உயிரியின் உணவு டிரைமெத்தில் அமீன். மீன் கெட்டுப்போகும்போது மூக்கைத் துளைக்கும் வாடைக்குக் காரணமான அதே பொருள். உப்பு நிலத்தில் வாழும் செடிகளும் உயிர்களும் உப்பின் கடுமையைத் தாங்குவதற்காகத் தங்கள் செல்களில் பீட்டெயின் போன்ற சில பொருள்களைச் சேர்த்து வைக்கின்றன. அவை இறந்து சிதையும்போது இந்த அமீன் உண்டாகிறது. சல்பேட் பாக்டீரியாக்கள் இதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. போட்டியில்லாத பந்தியில் அமர்ந்து, மீத்தேன் உண்டாக்கிகள் உப்புக்கு நடுவிலும் பிழைத்துக் கொள்கின்றன. தான்சானியாவின் அலையாத்திச் சேற்றிலும் டைமெத்தில் சல்பைடை உண்டு மீத்தேனை வெளியிடும் ஓர் இனம் 2000ஆம் ஆண்டில் விவரிக்கப்பட்டது.

உண்டான வாயு எல்லாம் வெளியே வந்துவிடுவதும் இல்லை. மேலே ஏறும் வழியில் மீத்தேனையே உணவாகக் கொள்ளும் வேறு நுண்ணுயிரிகள் அதில் ஒரு பகுதியைத் தின்று தீர்க்கின்றன. இந்தக் காவலைத் தாண்டச் சேற்றுக்குக் குறுக்கு வழிகள் உண்டு. நண்டு வளைகள் ஒன்று. இன்னொன்று, வெண்கண்டல் மரத்தைச் சுற்றி ஈட்டிமுனைகள் போல் நீட்டிக் கொண்டிருக்கும் மூச்சு வேர்கள். பிச்சாவரத்தில் ஆர். பூர்வஜா, ஆர். ரமேஷ் ஆகியோர் ஜெர்மனியின் மார்பர்க் நகர மாக்ஸ் பிளாங்க் நிறுவன விஞ்ஞானியுடன் சேர்ந்து நடத்தி 2004இல் வெளியிட்ட ஆய்வு, மரத்துக்குக் காற்றை உள்ளே கொண்டு செல்லும் இந்த வேர்களே சேற்றின் மீத்தேனை வெளியே கொண்டு வரும் புகைபோக்கிகளாகவும் இருப்பதைக் காட்டியது.

சாக்கடை கலந்தால்: இதே விஞ்ஞானிகள் பிச்சாவரத்தையும் சென்னையின் அடையாறு கழிமுகம், எண்ணூர் முகத்துவாரம் ஆகியவற்றையும் ஒப்பிட்டு 2000, 2001ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட முடிவுகள் தீவு நிர்வாகத்துக்கு நேரடியாகப் பொருந்துபவை. மனிதக் கழிவு கலக்கும் இடங்களில் மீத்தேன் வெளியேற்றம் மிக அதிகமாக இருந்தது. சாக்கடை நீர் ஒருபுறம் நுண்ணுயிரிகளுக்கு அளவற்ற உணவைக் கொண்டு வருகிறது. மறுபுறம் உப்பையும் சல்பேட்டையும் நீர்க்கச் செய்து, மீத்தேனைக் கட்டுப்படுத்தி வைத்திருக்கும் இயற்கைத் தடையையும் தளர்த்துகிறது. ரைட் மியோவும் அடையாறும் அடிப்படையில் ஒரே வகைச் சேறுதான். இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரத்தை நிர்ணயிப்பது நகராட்சியின் கழிவுநீர்க் குழாய்.

கழிவுநீர் மட்டுமல்ல, அணையும் பாலமும் இதே வேலையைச் செய்யக்கூடும். ஓடைக்குக் குறுக்கே மண்ணைக் கொட்டிச் சாலை அமைத்து, கடல் நீர் வந்து போகப் போதுமான வழி விடாவிட்டால் உள்பக்கம் மழைநீர் தேங்கும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவுகளில் இது சிறிய விஷயம் அல்ல.

பதினெட்டு என்ற எல்லை: நாடுகள் தங்கள் வெளியேற்றக் கணக்கை எழுதுவதற்கான வழிமுறைகளைத் தட்பவெப்ப மாற்றத்துக்கான சர்வதேசக் குழு வகுத்துள்ளது. சதுப்பு நிலங்களுக்கென 2013இல் வெளியான அதன் துணை ஆவணத்தில் ஒரு விசித்திரமான எல்லைக்கோடு இருக்கிறது. அழிந்த கடலோரச் சதுப்பில் மீண்டும் நீர் பாயச் செய்து மீட்கும்போது, அந்த நீரின் உப்பளவு ஆயிரத்தில் 18 பங்குக்கு மேல் இருந்தால் மீத்தேன் வெளியேற்றத்தைப் பூஜ்யம் என்று எழுதிக்கொள்ளலாம். அதற்குக் கீழே இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 193.7 கிலோ என்று கொள்ள வேண்டும். கையில் சொந்த அளவீடு இல்லாத நாடுகளுக்கான பொது விதி இது. சல்பேட் பற்றிய அறிவியலின் அடிப்படையில் வகுக்கப்பட்டதுதான், தவறு என்று தள்ள முடியாது.

எனினும், அந்தமான் ஓடை ஒன்றின் வாழ்க்கை அந்தக் கோட்டுக்கு ஒரே பக்கம் நிற்பதில்லை. கோடையில் கடலளவு உப்பாக இருக்கும் நீர், பருவமழைக் காலத்தில் மேல் பகுதிகளில் நீர்த்துப் போகும். காலையில் உப்பு, மாலையில் மழைவெள்ளம் என்பதும் உண்டு. பூஜ்யத்துக்கும் 193.7 கிலோவுக்கும் இடையில் எந்த எண்ணை எழுதுவது என்பதைத் தில்லியில் உட்கார்ந்து தீர்மானிக்க இயலாது.

இந்த எண்ணுக்கு எவ்வளவு மதிப்பு? ஒரு டன் மீத்தேன், 20 ஆண்டுக் கால அளவில் பார்த்தால், ஒரு டன் கரியமில வாயுவைப் போல் சுமார் 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. 100 ஆண்டுக் கால அளவில் ஏறக்குறைய 27 மடங்கு. தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் நூறு கோடிப் பங்கில் 700 பங்கை ஒட்டியிருந்த மீத்தேன் இப்போது 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. ஆஸ்திரேலிய அலையாத்திகளை அளந்த ஜூடித் ரோசன்டிரெட்டரும் சகாக்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், 20 ஆண்டுக் கணக்கின்படி, அலையாத்திச் சேறு புதைத்து வைக்கும் கார்பனின் பலனில் சராசரியாக 20 சதவீதத்தை மீத்தேன் வெளியேற்றம் ஈடுகட்டிவிடுகிறது என்று மதிப்பிட்டனர்.

ஐந்தில் ஒரு பங்கு கழிந்தாலும் நான்கு பங்கு லாபம் நிற்கிறது. ஆகவே மீத்தேனைக் காரணம் காட்டி அலையாத்தி வளர்ப்பே வீண் என்று வாதிடுவோருக்கு இந்த ஆய்வில் இடமில்லை. இந்தோ-பசிபிக் அலையாத்திகள் ஹெக்டேருக்குச் சராசரியாக ஆயிரம் டன்னுக்குமேல் கார்பனைத் தேக்கி வைத்திருப்பதாக 2011இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அதில் பெரும்பகுதி மரத்தில் அல்ல, சேற்றில் உள்ளது. ஆனால், அந்த 20 சதவீதத்தை மறைத்து விற்கப்படும் கார்பன் வரவு முழு வரவாகாது. வாங்குபவர் அதைக் காட்டிப் புகையைத் தொடர்ந்து வெளியிடுவார் என்பதால் பாதிப்பு காகிதத்தோடு நிற்பதும் இல்லை.

நிலமே அசைந்த இடம்: அந்தமான் நிகோபாரில் இந்தக் கணக்கை மேலும் சிக்கலாக்கியது 2004 டிசம்பர் 26ஆம் தேதி நிலநடுக்கம். வடக்கு அந்தமானில் நிலம் உயர்ந்தது. கடல் நீர் எட்டாமல் போன அலையாத்திகள் பல இடங்களில் பட்டுப்போயின. தெற்கில் நிலம் தாழ்ந்தது. அப்போது போர்ட் பிளேர் என்றும் 2024 செப்டம்பர் முதல் ஸ்ரீ விஜயபுரம் என்றும் அழைக்கப்படும் தலைநகரை அடுத்த சிப்பிகாட்டில், நெல் விளைந்த வயல்களுக்குள் கடல் புகுந்து அங்கேயே தங்கிவிட்டது. கிரேட் நிகோபாரின் இந்திரா முனையில் தரை நான்கு மீட்டருக்குமேல் கீழிறங்கியது. நிகோபார் தீவுகள் தங்கள் அலையாத்திப் பரப்பில் 97 சதவீதத்தை இழந்ததாகக் கோவை சாலிம் அலி மையத்தின் பி. நேரு, பி. பாலசுப்பிரமணியன் ஆகியோர் 2018இல் பதிவு செய்தனர்.

சேற்று நுண்ணுயிரிகளின் பார்வையில் இது ஒரே நாளில் நடந்த இடமாற்றம். உயர்ந்த நிலத்தில் சேறு காய்ந்து பிராணவாயு உள்ளே நுழையும். மீத்தேன் நிற்கும், ஆனால் பல நூற்றாண்டு சேமித்த கார்பன் கரியமில வாயுவாக வெளியேறத் தொடங்கும். தாழ்ந்த வயலிலோ நன்னீர்ச் சேறு உப்புச் சேறாக மாறும். நெல் வயலின் மீத்தேன் உண்டாக்கிகளை சல்பேட் பாக்டீரியாக்கள் ஓரங்கட்டும். பயிரிழந்த விவசாயிக்கு இதில் ஆறுதல் ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம். மூழ்கிய நிலங்களில் சில புதிய அலையாத்திகள் தாமாகவே முளைத்து வருகின்றன. மீட்புத் திட்டங்கள் முதலில் நாட வேண்டியவை இத்தகைய இடங்களே. கடல் நீர் தங்கு தடையின்றி வந்து போகும் இங்கே நாற்றும் பிழைக்கும், மீத்தேனும் அடங்கியிருக்கும்.

கிரேட் நிகோபாரின் கலாத்தியா விரிகுடாவில் சரக்குப் பெட்டக மாற்றுத் துறைமுகம் உள்ளிட்ட பெருந்திட்டத்துக்கு 2022 நவம்பரில் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. கலாத்தியா ஆறு கடலில் சேரும் இடம் அது. கடல் ஆமைகள், பழங்குடியினர், மழைக்காடு ஆகியவை குறித்து நடந்து வரும் விவாதத்தில் கழிமுகச் சேறு இதுவரை பெரிய இடம் பெறவில்லை. தூர் வாரப்படும் சேற்றில் புதைந்திருக்கும் கார்பனும் மீத்தேனும் எங்கே போகும் என்ற கேள்வி, துறைமுகத்தை ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் கேட்க வேண்டியது.

இன்னொரு மீத்தேன்: அந்தமான் என்றதும் மீத்தேன் பற்றி நாளிதழ்களில் வந்த வேறு செய்திகள் நினைவுக்கு வரலாம். 2006இல் ஜாய்டஸ் ரெசல்யூஷன் என்ற துளையிடும் கப்பல், அந்தமானுக்குக் கிழக்கே 1,300 மீட்டருக்கும் அதிக ஆழமுள்ள கடலில், தரைக்கு அடியில் எரிமலைச் சாம்பல் அடுக்குகளுக்குள் பனிக்கட்டி போல் உறைந்த மீத்தேன் ஹைட்ரேட் படிவைக் கண்டது. 2025 செப்டம்பரில் ஆயில் இந்தியா நிறுவனத்தின் ஸ்ரீ விஜயபுரம்-2 கிணற்றில் இயற்கை எரிவாயு தென்பட்டது. அதில் 87 சதவீதம் மீத்தேன் என்று அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே பாரடாங் தீவின் சேற்று எரிமலை இருபது ஆண்டுகளுக்குப் பிறகு சீறியது. இவை ஆழத்தில் அடைபட்டுக் கிடப்பவை. ஓடைச் சேற்றின் மீத்தேன் இன்று உதிர்ந்த இலையிலிருந்து நாளை உண்டாவது. முதலாவதைத் தேடப் பல கோடி ரூபாய்ச் செலவில் கப்பல்கள் செல்கின்றன. இரண்டாவதை அளக்கப் படகும் பொறுமையும் போதும்.

நெல் வயல் கற்றுத் தந்தது: அளந்து பார்ப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, தில்லியிலேயே பதில் இருக்கிறது. இந்திய நெல் வயல்கள் ஆண்டுக்குச் சுமார் 3.8 கோடி டன் மீத்தேனை வெளியிடுவதாக அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1990இல் மதிப்பிட்டது. மேலை நாடுகளின் வயல்களில் கிடைத்த அளவை இந்தியப் பரப்பால் பெருக்கி வந்த எண் அது. தில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் ஏ.பி. மித்ரா தலைமையில் 1991இல் நாடு முழுவதும் வயல்களில் பெட்டிகளைக் கவிழ்த்து வாயுவைப் பிடித்து அளந்தபோது கிடைத்த விடை சுமார் 40 லட்சம் டன். ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு. சர்வதேசப் பேச்சுவார்த்தைகளில் இந்திய உழவர்களின் தலையில் விழவிருந்த பழி அந்த அளவீட்டால் விலகியது.

அன்று அளவீடு நாட்டுக்குச் சாதகமாக அமைந்தது. அலையாத்தியில் அது எந்தப் பக்கம் சாயும் என்பது ஓடைக்கு ஓடை மாறும். அதற்கான ஆள்பலம் வெளியிலிருந்து வரத் தேவையில்லை. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் கீழ் சென்னையில் தேசிய நிலையான கடலோர மேலாண்மை மையம் இயங்குகிறது. ரைட் மியோவில் அளந்தவர்களில் ஒருவரான ரமேஷ் அதன் இயக்குநராகவே பணியாற்றியவர். புதுச்சேரி பல்கலைக்கழக வளாகம் தீவிலேயே இருக்கிறது. சேற்றின்மேல் கவிழ்க்க ஒரு பெட்டி, நீரை எடுக்கக் குப்பிகள், ஆய்வகத்தில் வாயுப் பகுப்புக் கருவி ஆகியவை போதும். மழைக்காலத்தில் நள்ளிரவு வற்றத்தின்போதும் படகில் காத்திருக்கும் ஆள்களுக்குத்தான் ஊதியம் ஒதுக்கப்பட வேண்டும்.